ஆத்தாளுக்கு ஒரு பல்

ஒன்பதுதான் மச்சான். நீங்கள் அன்றைக்குச் சொன்னதுதான் சரி. இந்தத் தடவை முதல் பல்லையும் விடாமல் சேர்த்து எண்ணினேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து எண்ணினால் இரும்பில் புதுசாகப் பல் முளைத்திருக்குமா என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கு ஆள் இல்லாமல்தான் இந்த ஐந்து மாதமாக வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

காலையில் அக்கா உங்கள் தகரப் பெட்டியின் சாவியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். பட்டறைக் கொட்டகையை ஒரு சைக்கிள் கடைக்காரர் கேட்டிருக்கிறார், அடுத்த வாரம் காலி செய்து கொடுக்க வேண்டும். மற்ற சாமானெல்லாம் எடுத்தாகிவிட்டது, அந்தப் பெட்டி ஒன்றுதான் பாக்கி. நீங்கள் இருந்தவரைக்கும் அதை வேறு யார் திறந்தார்கள்? சாவி உங்கள் அரைஞாண் கயிற்றோடு தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டீர்கள். கட்டின பெண்டாட்டிக்கே அதில் கை வைக்க உத்தரவில்லை. "நீயே தொறந்து பாருடி. அவுக கைபட்ட சாமானப் பாத்தா எனக்கு நெஞ்ச அடைக்குது" என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மூடியைத் தூக்கியதும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. கியர் ஆயில். கருகின நல்லெண்ணெயில் வேப்பங்கொட்டையை நசுக்கிப் போட்டது போல ஒரு நெடி. உங்கள் சட்டையில், தலையணை உறையில், அக்காவுக்கு நீங்கள் வாங்கி வருகிற பூப்பொட்டலத்தில்கூட அந்த நெடிதானே இருக்கும். பூ வாசம் வந்தால்தான் அதிசயம். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஸ்பானர்கள், திருப்புளிகள், சுத்தியல் தலை ஒன்று, பிடியில்லாத அரம். எல்லாவற்றுக்கும் அடியில் காக்கித் துணியில் பத்திரமாகச் சுற்றி இந்தப் பல்சக்கரம்.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பருப்புக் கடைகிற மத்து மாதிரி ஒரு சாண் தண்டு, நுனியில் சாய்வாக வெட்டின பல். அதில் ஒரு பல்லில் மட்டும் சிவப்பாக ஒரு தீற்று. துரு என்று நினைத்து முந்தானையால் தேய்க்கப் போனேன். துரு இல்லை, குங்குமம். கிரீஸில் குழைந்து கெட்டியாக அப்பியிருக்கிறது. எண்ணத் தொடங்கின இடம் தெரிவதற்காக நான்தான் அன்றைக்கு வைத்திருப்பேன். உரலோ உலக்கையோ, எதைக் கண்டாலும் ஒரு பொட்டு வைக்காமல் விடுகிற கையா இது. அந்தப் பொட்டிலிருந்தே தொடங்கி, பொட்டு வைத்த பல்லையும் சேர்த்து எண்ணினேன். ஒன்பது.

உங்களுக்குத் தெரியாத கதையில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நான் பட்ட பாடு உங்களுக்கு முழுசாகத் தெரியாது. நீங்கள் சிரித்துவிடுவீர்கள் என்று பாதியை விழுங்கிவிட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன், எனக்கும் நெஞ்சு லேசாகும்.

அது உலகச் சண்டைக்கு முந்தின காலம். பஸ் கம்பெனியில் கோபித்துக்கொண்டு வெளியே வந்து, கம்பம் ஊரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு நீங்கள் சொந்தப் பட்டறை வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மோட்டார் வந்ததைவிட மாட்டுவண்டி வந்ததுதான் அதிகம். அச்சுக்கு மசகு போடுவதும், கரும்பு ஆலைக்கு உருளை தட்டிக் கொடுப்பதுமாகப் பொழுது போனது. இந்த வருஷமும் இப்படியே போனால் கொட்டகையைப் பிரித்துவிட்டு மதுரை மில்லுக்குப் போக வேண்டியதுதான் என்று நீங்கள் அக்காவிடம் சொன்னது, இடையில் ஒரே சுவர் என்பதால் எனக்கும் கேட்டது. என் வீட்டுக்காரர் மலையில் ஏலத் தோட்டத்தில் கங்காணி. மாதத்துக்கு ஒரு தடவை இறங்கி வருவார். பிள்ளை குட்டி கிடையாது. நான் இருமினால் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா மிளகு தட்டுவாள். அவளும் போய்விட்டால் நான் யாரைப் பார்த்து இருமுவது? அன்றையிலிருந்து நான் கும்பிடாத சாமி இல்லை.

அப்போதுதான் அந்தப் பச்சை வண்டி வந்தது. வந்ததென்ன, இரண்டு ஜோடி மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். குமுளிக்கு மேலே ஒரு தோட்டத்தின் மானேஜர், கோட்டயத்துப் பக்கத்துக்காரர், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் ஆசைப்பட்டு வாங்கியது. பந்தய வண்டி என்றார்கள். கூரை இல்லை, பின்னால் உட்கார இடமில்லை, முக்கால் வண்டியும் மூக்கு. "பாதி வண்டிய எங்க விட்டுட்டு வந்தாக மச்சான்?" என்று கேட்டேன். "ஓடுன வேகத்துல பின்னாடி கழண்டு விழுந்துருச்சு. நீ போய்ப் பெறக்கிட்டு வா" என்றீர்கள்.

உண்மையில் கழன்று போயிருந்தது பின்னச்சுக்குள் இருந்த டிப்ரன்ஷியல். அது என்ன என்று நான் கேட்டபோது உங்களுக்கு ஒரு உற்சாகம் வந்தது பாருங்கள். களத்தில் கதிர் மிதிக்க மாடுகளைப் பிணையல் ஓட்டுவதைச் சொன்னீர்கள். உள்ளே சுற்றுகிற மாடு மெல்ல நடக்கும், வெளியே சுற்றுகிற மாடு எட்டிப் போடும், அப்படித்தான் வளைவில் சக்கரங்களும் என்றீர்கள். இரண்டையும் ஒரே நடை நடக்கச் சொன்னால் அச்சு முறுக்கிக்கொள்ளும். "உள் மாட்டுக்கும் வெளி மாட்டுக்கும் நடுவுல பஞ்சாயத்துப் பண்றதுதேன் இந்தப் பொட்டி. பஞ்சாயத்துக்காரருக்குப் பல்லுப் போச்சு, அம்புட்டுத்தேன்" என்றீர்கள்.

மதுரையிலிருந்து மானேஜர் பழைய அச்சு வரவழைத்தார். ஒன்றுக்கு இரண்டாக வந்தது. இரண்டும் ஒரே மாதிரி, ஒரு வயிற்றில் பிறந்தவை போல. எது இந்த வண்டிக்கு உகந்தது என்று விற்றவருக்கே தெரியவில்லை. மேலே பதித்திருந்த எழுத்தைத் துரு தின்றிருந்தது. பெரிய பல்சக்கரம் இரண்டிலும் ஒரே கணக்குதான், சின்னதில்தான் வித்தியாசம் என்று எனக்கு விளக்கினீர்கள். சின்னதில் எட்டுப் பல் இருந்தால் மலைக்கு. ஒன்பது இருந்தால் சமதரைக்கு. "எட்டு மெல்லப் போகும், ஆனா ஏறும். ஒம்போது நல்லா ஓடும், மலையக் கண்டா மூச்சு வாங்கும்." ஒரு பல்லில் அவ்வளவு இருக்கிறதா என்றேன். "வாயில ஒரு பல்லு போனாலே பேச்சு மாறிப் போகுதுல்ல" என்றீர்கள்.

மானேஜர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. வெள்ளிக்கிழமை வருவேன், மலை அடிவாரத்திலிருந்து குமுளி வரைக்கும் வண்டி எங்கேயும் நிற்காமல் ஏற வேண்டும் என்றார். ஏறினால் தோட்டத்து லாரி இரண்டும் இனிமேல் உங்கள் பட்டறைக்குத்தான். ஏறாவிட்டால் லாரி, இந்த வண்டி எல்லாம் மதுரைக்குப் போகும். "கேறுமோ மேஸ்திரி?" என்று மட்டும் ஒரு தடவை தன் மலையாளத்தில் கேட்டார். "கேறும் சார்" என்றீர்கள். அவர் போன மறுநாள் உங்களுக்குக் கண்நோய் வந்தது.

சித்திரை வெயிலில் ஊரெல்லாம் கண்நோய். அக்காவுக்கு முதலில், பிறகு உங்களுக்கு. இரண்டு பேர் கண்ணும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டது. நான் வீரபாண்டிக்குப் போய் கௌமாரி ஆத்தா கோயில் தீர்த்தம் கொண்டுவந்தேன். பாண்டிய ராசாவுக்கே கண் கொடுத்த ஆத்தா, உங்களுக்குக் கொடுக்க மாட்டாளா என்றேன். அக்கா பக்தியோடு கண்ணில் விட்டுக்கொண்டாள். நீங்கள், ராசாவுக்குக் கொடுத்ததில் மிச்சம் மீதி இருந்தால் அதை வண்டி விளக்குக்கு ஊற்று என்றீர்கள். நந்தியாவட்டைப் பூவைத் துணியில் வைத்துக் கட்டிக்கொள்ள மட்டும் சம்மதித்தீர்கள், அது வைத்தியமாம்.

இதுதான் மச்சான் எனக்கு உங்களிடம் பிடிக்காதது. எத்தனை திருவிழாவுக்கு எங்களைக் கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள், ஒரு தடவையாவது கோயிலுக்குள் வந்தீர்களா? முல்லையாற்றுக்கு அந்தக் கரையிலேயே பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பீர்கள். நாங்கள் தீச்சட்டி எடுத்து, பொங்கல் வைத்து, திரும்பி வந்தால், "ஆத்தா சௌக்கியமா?" என்று கேட்பீர்கள், பக்கத்து ஊர்ச் சொந்தக்காரியை விசாரிக்கிற மாதிரி. நான் வெகு காலம் உங்களுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். கண்ணைக் கட்டிக்கொண்டே வேலையைத் தொடங்கினீர்கள். உங்களுக்குக் கண் கையில்தானே இருந்தது. ஜாக்கி வைத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரம் இரண்டையும் கழற்றி, முன்னாலிருந்து வருகிற தண்டின் நட்டுகளைத் தடவித் தடவி விடுவித்து, பிரேக் கம்பியை அவிழ்த்து, வில்லுப் பட்டையோடு அச்சைச் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டுகளை எடுத்தீர்கள். கேட்கிற ஸ்பானரை எடுத்து நீட்டுவது நான். தவறாக நீட்டினால் கையில் வாங்கியவுடனே தெரிந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் தரையில் வைத்துவிட்டு மறுபடி கை நீட்டுவீர்கள். பிறகு சந்தைக்கு வந்த வண்டிக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, கெட்டுப்போன அச்சை வெளியே இழுத்துப் போட்டோம். வண்டிக்குள் அச்சு இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது.

அடுத்து எதை மாட்டுவது? சுவரோரம் கிடந்த அச்சின் மூடியை மட்டும் நீங்கள் கழற்றி வைத்திருந்தீர்கள். வாசலோரம் இருந்ததற்கு மூடி இறுகிப் போயிருந்தது, அதைத் தட்டித் திறக்க ஒரு பொழுது ஆகும். ஒன்றை எண்ணிவிட்டால் மற்றது தானாகத் தெரிந்துவிடும் என்றீர்கள். ஆனால் எண்ணக் கண் வேண்டுமே. உள்ளே விரலை விட்டுத் தடவினால் பெரிய சக்கரத்தின் பல்லும் சின்னதின் பல்லும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கணக்குத் தப்பியது.

"கொழுந்தியா, இங்கன வா. வெத்தலையத் துப்பிட்டு வந்து இந்தப் பல்ல எண்ணு."

நான் வெற்றிலையைத் துப்பவில்லை, ஓரமாக அதக்கிக்கொண்டேன். தொடங்கின பல்லுக்கு ஓர் அடையாளம் வைத்தேன். அடையாளம் சுற்றித் திரும்பி மேலே வரும் வரைக்கும் தண்டை மெல்லத் திருப்பித் திருப்பி எண்ணினேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள், எண்ணத் தெரியாதா?

"எட்டு" என்றேன்.

"எட்டுத்தானா?"

"எட்டேதேன். அரிசி அளக்குற மாதிரி நெதானமா எண்ணிருக்கேன், சும்மா சும்மா கேக்காதீக."

கண்கட்டுத் துணிக்குக் கீழே உங்கள் மீசை மட்டும் லேசாக அசைந்தது. பிறகு, சரி, நீ போய் அக்காவுக்குக் கஞ்சி கொடு, வண்டிக்காரர்களை வைத்து நான் தூக்கி மாட்டிக்கொள்கிறேன் என்றீர்கள். மறுநாள் நான் வந்தபோது அச்சு வண்டிக்கு அடியில் ஏறியிருந்தது, யூ போல்ட் முறுக்கியாகிவிட்டது. மிஞ்சின அச்சைச் சாக்குப் போட்டு மூடியிருந்தீர்கள். நான் புனல் வைத்து எண்ணெய் ஊற்றினேன். தேன் இறங்குகிற மாதிரி இறங்கியது. நான் எண்ணின பல்லுக்கு நானே எண்ணெய் ஊற்றுகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

வெள்ளிக்கிழமை காலையில் மானேஜர் வந்தார். உங்கள் கண்ணில் சிவப்பு மட்டும்தான் பாக்கி, கட்டை அவிழ்த்துவிட்டீர்கள். அவர் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தீர்கள். வண்டி உறுமிக்கொண்டு போன பிறகு நான் ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்க அரிசி அளக்க உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மா காலத்திலிருந்து வந்தது. எதை அளந்தாலும் முதல் படி ஆத்தாளுக்கு. "லாபம்" என்று சொல்லித் தனியாகக் கொட்டிவிடுவோம், அது கணக்கில் வராது. அடுத்த படியிலிருந்துதான் ஒன்று, இரண்டு. ஊரில் பலர் லாபம் என்று சொன்னாலும் அதையும் ஒன்றாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் அப்படி இல்லை. கொடுத்ததைத் திரும்பக் கணக்கில் சேர்த்தால் அது என்ன கொடுத்தது?

அன்றைக்கும் "லாபம்" என்று சொல்லி முதல் படியைத் தனியாகக் கொட்டினேன். இரண்டாம் படியை முகந்து "ஒண்ணு" என்று வாயெடுத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை பட்டறையில் நான் எப்படி எண்ணினேன்? அரிசி அளக்கிற மாதிரி. முதல் பல்லுக்கு லாபம் என்றேன், மச்சான். எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. வாயில் வெற்றிலை இருந்ததால் சத்தமாகச் சொல்லவில்லை, மனசுக்குள் சொன்னேன். ஆத்தாளுக்கு ஒரு பல்லைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் எட்டு என்று எண்ணியிருக்கிறேன். அப்படியானால் அது ஒன்பது. சமதரைக்கு ஓடுகிறது. மலையைக் கண்டால் மூச்சு வாங்குகிறது. அதைத்தான் நீங்கள் என் பேச்சை நம்பி மாட்டியிருக்கிறீர்கள்.

எழுந்து ஓடினேன். அக்கா, "எங்கடி போற?" என்று கேட்டாள். திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினேன். நல்ல வேளை, குமுளி பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகு கண்டக்டர் கேட்டார்: "என்ன ஆத்தா, பஸ்ஸுக்குள்ள அரிசி அளந்து விக்கப் போறீகளா?" அப்போதுதான் பார்க்கிறேன், படி என் கையிலேயே இருக்கிறது. இரண்டாம் படி அரிசி வழியெல்லாம் சிந்தி, அடியில் ஒரு கைப்பிடிதான் மிச்சம்.

கூடலூர் தாண்டுகிறவரைக்கும் ஆத்தாளிடம் சண்டை போட்டேன். இதைத்தான் நான் உங்களிடம் சொன்னதே இல்லை. முதலில் கெஞ்சினேன், வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துகிறேன், தீச்சட்டி எடுக்கிறேன் என்றேன். பிறகு கோபம் வந்துவிட்டது. உனக்கென்று அரிசி அளந்தேன், கம்பு அளந்தேன், ஒரு நாளாவது குறைத்தேனா, ஒரு இரும்புப் பல்லுக்கு ஆசைப்பட்டு என் அக்கா குடியைக் கிளப்புகிறாயே என்று கேட்டேன். கடைசியில், "குடுத்த பல்லத் திருப்பிக் குடு தாயி" என்று கேட்டுவிட்டேன். ஆத்தாளுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவள் எங்கள் வம்சத்திலேயே நான் ஒருத்திதான். கன்னத்தில் போட்டுக்கொண்டேன், ஆனாலும் கேட்டதை வாபஸ் வாங்கவில்லை.

மலை ஏறுவதற்கு முன்னால் லோயர் கேம்பில் பஸ்ஸை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் இறங்கி நின்று மேலே பார்த்தேன். எந்த வளைவில் நிற்கிறதோ, எங்கே ஆவி கக்குகிறதோ என்று மலையைத் துழாவிக்கொண்டிருந்தேன். அப்போது மேலே எங்கேயோ ஹாரன் சத்தம். மரங்களுக்கு நடுவில் பச்சையாக ஏதோ மின்னி மறைந்து, அடுத்த வளைவில் மறுபடி மின்னியது. வண்டி இறங்கி வருகிறது. பாதியில் திரும்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். அங்கேயே மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. மானேஜர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத பல்வரிசை. "கேறி. ஒரே மூச்சில் கேறி" என்றார், என்னிடம் எதற்குச் சொல்கிறோம் என்றுகூட யோசிக்காமல். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த படியைப் பார்த்தீர்கள். என் வெறுங்காலைப் பார்த்தீர்கள். மறுபடி படியைப் பார்த்தீர்கள்.

"என்ன கொழுந்தியா, ஆத்தாளுக்குக் குடுத்த பல்லத் தேடிக்கிட்டு வந்தியாக்கும்?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அந்தப் படி எதற்கு என்று மானேஜர் கேட்டார். நீங்கள் சிரிக்காமல், "எங்க பட்டறைல பல்லு எண்ணுறது இத வச்சுத்தேன் சார்" என்றீர்கள். அந்த மனிதர் நம்பித் தலையாட்டினார், பாவம்.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி தோட்டத்துக்கு ஏறிப் போனார். நாம் இரண்டு பேரும் கம்பத்துக்குத் திரும்புகிற பஸ்ஸுக்காக மர நிழலில் காத்திருந்தோம். நீங்கள் கால்வாயில் முகம் கழுவிவிட்டு வந்து, மேல்துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள். அந்தப் பேச்சு ஒரு சொல் விடாமல் எனக்கு மனப்பாடம்.

"ஒங்க அக்காளோட எத்தன வருசமாக் குடும்பம் நடத்துறேன். கல்யாணமான புதுசுல பத்துப் படி அளடின்னா மூட்டையிலருந்து பதினொண்ணு போயிருக்கும். கேட்டா, மொதப்படி ஆத்தாளுக்குன்னுவா. ஒங்க வீட்டுப் பொம்பளைக எட்டுன்னா அது ஒம்போதுன்னு எனக்குத் தெரியாதா? நீ அரிசி அளக்குற மாதிரி எண்ணுனேன்னியே, அப்பவே சுவத்தோரத்து அச்ச ஒதுக்கி வச்சுட்டு, வாசலோரத்து அச்ச மாட்டிப்புட்டேன்."

அப்படியும் நான் விடவில்லை. நான் ஒருவேளை சரியாகவே எண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். மாட்டின பிறகு சக்கரம் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி, முன்னால் தண்டு எத்தனை சுற்று வருகிறது என்று கையால் பிடித்துப் பார்த்தீர்களாம். ஐந்துக்கு மேலே வந்ததாம். ஒன்பதாக இருந்தால் நாலரைதான் வருமாம். அப்புறம் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். எண்ணெய் ஊற்றும்போது உன் மூஞ்சியில் இருந்த பெருமையைக் கெடுக்க மனசு வரவில்லை என்றீர்கள். எனக்கு நீங்கள் அத்தனை பெரிய உபகாரம் செய்திருக்க வேண்டாம் மச்சான், அரை நாள் என் உயிர் என்னிடம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த மர நிழலில் வீசிய காற்றைப் போல ஒரு காற்று அதற்குப் பிறகு எனக்கு வீசியதே இல்லை. படியில் மிச்சமிருந்த பச்சரிசியை இரண்டு பேரும் மென்றுகொண்டே பஸ் ஏறினோம்.

லாரிகள் வந்தன. மதுரைப் பேச்சு அதோடு நின்றது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு பஸ் ஓட்டினார்களே, அப்போதுகூட உங்கள் பட்டறைக்கு வேலை குறையவில்லை. சுவர் அதே சுவர்தான். நேற்றும் நான் இருமினேன், அக்கா மிளகு தட்டினாள்.

நான் இன்னும் முதல் படியை ஆத்தாளுக்குத்தான் அளக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்: "இது ஆத்தாளுக்கு, கணக்குல சேராது." பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்கிறேன். என் எண்ணிக்கையை நம்பி யார் எந்த மலையில் ஏறிக்கொண்டிருக்கிறார்களோ.

ஒன்றே ஒன்றுதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. கடைசி நாளில் உங்களுக்கு நினைவு தப்பியிருந்தபோது நான் உங்கள் நெற்றியில் திருநீறு பூசினேன். விழித்திருந்தால் துடைத்திருப்பீர்கள். கேட்காமல் பூசியது தப்போ, பூசாமல் அனுப்பியிருந்தால் அதைவிடத் தப்போ என்று இந்த ஐந்து மாதமும் புரண்டு புரண்டு படுத்தேன். ஒரு சாமியையும் கும்பிடாமல் போன மனிதருக்கு அங்கே யார் கதவைத் திறப்பார்கள் என்று ஆத்தாளிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் அக்கா வந்து பெட்டியில் என்னென்ன இருந்தது என்று கேட்டாள். இந்தப் பல்சக்கரத்தைக் காட்டினேன். மிஞ்சின அச்சைப் பிரித்து இரும்புக்குப் போட்டபோது இதை மட்டும் அவுக எடுத்து வைத்துக்கொண்டார்கள் போல என்றாள். சாமி மாடத்தில் வைக்கட்டுமா என்று கேட்டேன். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வேணாம்டி, அவுகளுக்குப் பிடிக்காது" என்று திருப்பித் தந்தாள். சரி, காக்கித் துணியிலேயே சுற்றி வைத்துவிடலாம் என்று எடுத்தேன். அந்தச் சிவப்புப் பொட்டு மறுபடி கண்ணில் பட்டது.

மச்சான், அன்றைக்குப் பட்டறையில் ஏது குங்குமம்? என்னிடம் இருந்தது வெற்றிலைப் பெட்டி ஒன்றுதான். விரலில் தொட்டு அந்தப் பல்லில் நான் வைத்தது சுண்ணாம்பு.